கறவைப் பசுவின் வரவு செலவு

பயிர்த்தொழிலுடன் ஒரு கறவைப் பசுவையும் வைத்துப் பால் விற்கும் குடியானவர்கள் அநேகர். கறவைக் காலத்தில் பணம் தாராளமாய்ப் புழங்குகிறது. பால் வற்றியதும் தீவனத்திற்கே கடன் வாங்க நேரிடுகிறது. இது பசுவின் குற்றமன்று, கணக்கின்மையின் குற்றமே.

பசு ஓர் ஈற்றில் சுமார் 300 நாட்கள் கறக்கும். அடுத்த ஈற்றுக்கு முன் சுமார் 60 நாட்கள் வற்றியிருக்கும். ஓர் உதாரணம் கொள்வோம். தினம் 8 லிட்டர் பாலை லிட்டர் 35 ரூபாய் வீதம் விற்றால் வரவு 280 ரூபாய். தீவனச் செலவு 180 போக மிகுவது 100 ரூபாய். சொந்த வைக்கோலாயினும் சந்தை விலைக்கே செலவெழுதுதல் வேண்டும்.

இந்த 100 ரூபாயை முற்றும் லாபமெனக் கருதுவது பெரும் பிசகு. வற்றிய நாட்களின் தீவனத்திற்கு, தினம் 100 ரூபாய் வீதம், 6,000 வேண்டும். வைத்தியம், சினை ஊசி, இன்ஷூரன்ஸ் ஆகியவற்றிற்கு 6,000. 65,000 ரூபாய்க்கு வாங்கிய பசு 5 வருஷங்களுக்குப்பின் 20,000 ரூபாய்க்கே விலைபோகுமாயின், வருஷத் தேய்மானம் 9,000. ஆக 21,000 ரூபாய். கறவை நாட்கள் 300க்கும் பங்கிட்டால் தினம் 70 ரூபாய். எஞ்சும் 30 ரூபாயும் எருவுமே வீட்டாரின் உழைப்புக்குக் கூலி.

ஆகவே, பால் பணம் பட்டுவாடாவாகும் அன்றே அந்த 70 ரூபாய் வீதத்தைத் தபாலாபீஸ் சேமிப்புக் கணக்கில் கட்டிவிடுதல் நலம். சினை பிடிக்கத் தாமதமானால் வற்றுக்காலம் நீண்டு, செலவும் ஏறும் என்பதை மறத்தலாகாது.

பசு வாங்கக் கடன் கோருவோருக்குக் கிராம அதிகாரிகள் இக்கணக்கை முதலில் எழுதிக் காட்டுவார்களாயின், பசுவையே விற்றுக் கடனடைக்கும் துர்ப்பாக்கியம் பெரும்பாலும் நேராது.