ரயில் அட்டவணையும் பெரும்போரும்

1898-இல் பெரும் கடற்படை ஒன்றைக் கட்ட ஜெர்மனி சட்டம் இயற்றியது. கடல் வணிகத்தை நம்பி வாழ்ந்த பிரிட்டன் அதைத் தன் உயிருக்கு வைத்த குறியாகவே கண்டது. 1906-இல் ‘டிரெட்நாட்’ என்னும் புதுவகைப் போர்க்கப்பலை வெள்ளோட்டம் விட்டது. ஜெர்மனியின் பெரிய அச்சமோ தரையில் இருந்தது. 1894 முதல் கூட்டாளிகளான பிரான்சும் ரஷ்யாவும் அதன் இரு புறமும் நின்றன. பிரெஞ்சுக் கடனில் ரஷ்யா போட்டுவந்த ரயில் பாதைகளைப் பார்த்த ஜெர்மன் தளபதிகள், 1917 வாக்கில் ரஷ்யாவை வெல்வது அரிது என்று கணக்கிட்டார்கள். ஒருவர் தற்காப்பு என்று செய்தது மற்றவருக்குத் தாக்குதலின் ஆயத்தமாகத் தெரிந்தது.

ஆனாலும் மொராக்கோ, பால்கன் நெருக்கடிகள் வல்லரசுகளுக்கிடையே போர் மூளாமலே கடந்துபோயின. பகை மட்டும் போரைக் கொண்டுவந்துவிடாது.

1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் ஃபெர்டினாண்ட் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூலை 5 அன்று, என்ன செய்தாலும் துணை நிற்போம் என்று ஆஸ்திரியாவுக்கு ஜெர்மனி வாக்களித்தது. பொறுப்பற்ற வாக்குறுதி அது. கொலைக்குச் செர்பியாவைக் குற்றம் சாட்டிய ஆஸ்திரியா, ஜூலை 28 அன்று அதன் மீது போர் அறிவித்தது.

அதன்பின் முடிவுகள் ராணுவத் திட்டங்களின் பிடிக்குள் போயின. செர்பியாவுக்குத் துணை நின்ற ரஷ்யாவின் பேரரசர் நிக்கலஸ், ஆஸ்திரியாவை மட்டும் எச்சரிக்கும் அளவுக்குப் படை திரட்டவே விரும்பினார். பாதித் திரட்டல் முழுத் திரட்டலையும் குலைத்துவிடும் என்றார்கள் தளபதிகள். ஜூலை 29 இரவு முழுத் திரட்டல் ஆணையை ரத்து செய்தவர், மறுநாளே அதற்கு இசைந்தார். ஜெர்மனியின் திட்டமோ, ரஷ்யா முழுதாகத் திரளுமுன் ஏறக்குறைய ஆறு வாரத்தில் பிரான்சை வீழ்த்துவது. அதற்குப் பெல்ஜியத்தின் லியேஜ் கோட்டையைத் தொடக்கத்திலேயே பிடித்தாக வேண்டும். ஆகவே ஜெர்மனிக்குப் படைதிரட்டலும் போரும் ஒன்றே. பேச்சுவார்த்தைக்கு நாள்கள் மிஞ்சவில்லை.

ஆகஸ்ட் 1 அன்று ஜெர்மனி ரஷ்யா மீது போர் அறிவித்தது. அன்று மாலை, பிரிட்டன் ஒதுங்கி நிற்கலாம் என்ற தகவலை நம்பி, படை முழுவதையும் கிழக்கே திருப்பச் சொன்னார் பேரரசர் வில்ஹெல்ம். பத்து லட்சம் வீரர்களின் நகர்வை ஒரே இரவில் மாற்ற முடியாது என்று மறுத்தார் தலைமைத் தளபதி மோல்ட்கே. முடிந்திருக்கும் என்று ராணுவ ரயில் பிரிவின் தலைவராக இருந்தவரே போருக்குப் பின் நூல் எழுதி வாதிட்டார். ஆகஸ்ட் 3 அன்று பிரான்ஸ் மீதும் போர் அறிவிக்கப்பட்டது. மறுநாள் ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. அந்நாட்டின் நடுநிலைமைக்கு 1839 ஒப்பந்தத்தில் உறுதியளித்திருந்த பிரிட்டன் அன்றிரவே போரில் இறங்கியது.