சாயங்காலமானால் விடாமல் அழும் குழந்தை... பால் பத்தவில்லையா?

மாலை 6 மணி. சற்றுமுன் பால் குடித்த குழந்தை மறுபடி அழுகிறது. கொடுத்தால் குடிக்கிறது, இறக்கிவிட்டால் வீறிடுகிறது. ‘பால் பத்தலை, பவுடர் பால் கரைச்சுக் கொடு’ என்று வீட்டில் ஒரு குரல் கிளம்பும்.

அவசரம் வேண்டாம். இதற்கு ‘கிளஸ்டர் ஃபீடிங்’ என்று பெயர். முதல் சில வாரங்களில், குறிப்பாக மாலையில், பல குழந்தைகள் இப்படி அடுத்தடுத்துக் குடிப்பது இயல்பு. குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் சுரக்கும். பவுடர் பாலில் வயிறு நிறைந்தால் தாய்ப்பால் குடிப்பது குறையும், சுரப்பும் குறையும். இல்லாத குறையை நாமே உண்டாக்கியதாகிவிடும்!

அழுகையை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. பிறந்து 5 நாள்களுக்குப் பிறகு, 24 மணி நேரத்தில் குறைந்தது 6 முறை சிறுநீர் கழிக்கிறதா, எடை ஏறுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் பால் போதுகிறது. சிறுநீர் குறைந்தாலோ, எழுப்பினாலும் குடிக்காமல் தூங்கினாலோ, காய்ச்சல் இருந்தாலோ உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

சரி, அம்மாவின் முதுகுவலிக்கு? முதுகுக்குத் தலையணை, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர். ஏப்பம் விட வைப்பதும் துணி மாற்றுவதும் அப்பாவின் வேலை. பவுடர் டப்பாவைத் தேடும் பாட்டி, மருமகளுக்குச் சூடாக இரண்டு தோசை ஊற்றிக் கொடுக்கலாம்.