குவாங்சோ போகும் வியாபாரிக்கு எது மலிவான டிக்கட்?

கொள்முதலுக்காகச் சீனா போக நினைக்கும் நமது வியாபாரிகள் முதலில் கேட்பது "டிக்கட் எவ்வளவு?" என்றுதான். "போய், சாமான் பார்த்து, சாம்பிளோடு வீடு வந்து சேர மொத்தம் எவ்வளவு?" என்றே கேட்க வேண்டும். இரண்டு கேள்விக்கும் ஒரே விடை வருவது அபூர்வம்.

2022 மார்ச் மாதம் ரூபா மிதக்க விடப்பட்டபோது 200 ரூபா அளவில் நின்ற டொலர், இரண்டு மாதங்களுக்குள் 350ஐத் தாண்டியது. அன்று முதல் விமானப் பிரயாணம் சிறு வியாபாரிக்குப் பெரிய செலவாகவே இருக்கிறது. கொள்கலன் கணக்கில் இறக்கும் புறக்கோட்டை மொத்த வியாபாரிக்கு டிக்கட் செலவு பெரிதாகத் தெரியாது. கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு கடை வைத்திருப்பவர் ஆறு, ஏழு லட்சத்துக்குச் சாமான் எடுக்கப் போனால், பிரயாணமே அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அது முழுவதும் சாமானின் அடக்க விலையில்தான் வந்து விழும்.

கட்டுநாயக்கவிலிருந்து குவாங்சோ ஏறக்குறைய 4,000 கிலோமீற்றர். நேரடி விமானத்தில் ஆறு மணித்தியாலத்துக்குச் சற்று முன்பின் ஆகும். ஸ்ரீலங்கன் விமானம் நேரடியாகப் போகிறது. அதைவிட மலிவாகத் தேடுபவர்களுக்கு இரண்டு வகை வழிகள் உண்டு. ஒன்று கோலாலம்பூர், பாங்கொக், சிங்கப்பூர் வழி. மற்றது சீனாவுக்குள்ளேயே மாறும் வழி, அதாவது சைனா ஈஸ்டர்னில் குன்மிங் ஊடாக அல்லது எயார் சைனாவில் செங்டு ஊடாக. பெரும்பாலும் ஆகக் குறைந்த விலை கோலாலம்பூர் வழியில்தான் கண்ணில் படும். ஆனால் நமது பாஸ்போட்காரர்கள் அகப்பட்டுக்கொள்வதும் அங்கேதான்.

இலங்கையருக்கு மலேசியாவுக்குள் நுழைய முன்கூட்டியே விசா வேண்டும். கொழும்பிலிருந்து குவாங்சோ வரை ஒரே டிக்கட்டாக எடுத்தால், பொதியும் அங்கு வரை போட்டுவிடப்படும். நாம் மாறும் பகுதியிலேயே இருந்து அடுத்த விமானத்தில் ஏறலாம், விசா தேவைப்படாது. ஆனால் கோலாலம்பூர் வரை ஒன்று, அங்கிருந்து மற்றொன்று என இரண்டு தனித்தனி டிக்கட்டாக எடுத்தால், குடிவரவைக் கடந்து வெளியே வந்து, பொதியை எடுத்து, மீண்டும் செக்-இன் செய்ய வேண்டும். விசா இல்லாவிட்டால் கட்டுநாயக்க கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். கெய்சர் வீதியில் துணி வியாபாரம் செய்யும் எனக்குத் தெரிந்த காக்கா ஒருவர் இப்படித்தான் பெட்டியோடு வீடு திரும்பினார். இரண்டு டிக்கட்டின் காசும் திரும்பக் கிடைக்கவில்லை. தனித்தனி டிக்கட்டில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. முதல் விமானம் தாமதித்து இரண்டாவது தவறினால், இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது.

சிங்கப்பூருக்கு நமக்கு முன்கூட்டிய விசா தேவையில்லை. அந்த வழி நிம்மதியானது, ஆனால் மலிவாகக் கிடைப்பது அரிது. பாங்கொக்கில் சுவர்ணபூமி, டொன் முவாங் என இரண்டு விமான நிலையங்கள் உண்டு. ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறும் டிக்கட்டுகளும் விற்கப்படுகின்றன, கவனிக்க வேண்டும். தாய்லாந்தின் விசா விதி அடிக்கடி மாறுவதால் புறப்படும் வாரத்தில் ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது.

குன்மிங், செங்டு வழிகளை நமது ஆட்கள் அவ்வளவாகக் கேட்பதில்லை. எனது அபிப்பிராயத்தில் சிறு வியாபாரி முதலில் விசாரிக்க வேண்டியது இவற்றைத்தான். சீன விசா எப்படியும் கையில் இருக்கும். இடையில் வேறு நாட்டின் விசாத் தொல்லை இல்லை. சீனாவுக்குள் நுழையும் முதல் இடத்திலேயே குடிவரவும் சுங்கமும் முடிவதால் பொதியை அங்கே எடுத்து மீண்டும் உள்நாட்டு விமானத்துக்குக் கொடுக்க நேரிடலாம். ஆகவே இடையில் குறைந்தது மூன்று மணித்தியாலமாவது இருக்க வேண்டும். செங்டுவிலும் 2021 முதல் இரண்டு விமான நிலையங்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப் பொதிக்கு வருவோம். மலிவு விமானங்களின் விலையில் கையில் கொண்டு போகும் 7 கிலோ மட்டுமே அடங்கும். திரும்பும்போது சாம்பிளும் கெட்டலொக்குமே அதைவிட அதிகம் நிறுக்கும். ஒரு கணக்கைப் பாருங்கள். விலைகள் தினமும் மாறும், இது உதாரணத்துக்கு மட்டும். நேரடி டிக்கட் பொதியும் சாப்பாடும் சேர்த்து 135,000 ரூபா என்று வையுங்கள். மலிவு டிக்கட் 98,000 ரூபா. அதற்குப் போக வரப் பொதிக் கட்டணம் 26,000. விசாவுக்கும் வழிச் சாப்பாட்டுக்கும் 9,000. மொத்தம் 133,000. மிச்சம் 2,000 ரூபா. அதற்காகப் போக்கிலும் வரவிலும் ஒவ்வொரு இரவு விமான நிலையக் கதிரையில் கழிகிறது, கடையும் ஒரு நாள் கூடுதலாகப் பூட்டிக் கிடக்கிறது. பொதியே இல்லாமல் போய் வருபவருக்கு இந்தக் கணக்கு மாறும். அவர் தாராளமாக மலிவு விமானத்தைப் பிடிக்கலாம். பொதியைப் பின்னர் விமான நிலையத்தில் வாங்குவதைவிட டிக்கட்டோடு சேர்த்து வாங்குவது எப்போதும் குறைவு.

ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து ஆசனக்காரர்கள் வெவ்வேறு விலை கொடுத்திருப்பது ஏன் என்று பலர் கேட்பதுண்டு. ஆசனங்களைப் பல விலைப் பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து வைத்திருக்கிறார்கள். மலிவான எழுத்து முடிந்ததும் அடுத்த எழுத்துக்கு விலை ஏறும். இன்னொரு விஷயம், நான்கு பேர் ஒன்றாகக் கேட்கும்போது மலிவான பிரிவில் மூன்று ஆசனமே இருந்தால், நான்கு பேருக்கும் மேல் விலையையே காட்டக்கூடும். மூவருக்கு ஒன்றும் ஒருவருக்கு ஒன்றுமாகப் பிரித்துக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மலிவான எழுத்துக்கு நிபந்தனைகள் கடுமை. திகதி மாற்றினால் தண்டம் உண்டு, சிலவற்றில் மாற்றவே முடியாது. போகும் பயணத்தைத் தவறவிட்டால் திரும்பும் பயணமும் ரத்தாகிவிடும்.

விலையை அதிகம் ஏற்றுவது திகதிதான். 1957இல் தொடங்கிய கன்டன் கண்காட்சி வருடத்துக்கு இரு முறை, வசந்தத்தில் ஏப்ரல் 15 முதல் மே 5 வரையும், இலையுதிர் காலத்தில் ஒக்டோபர் 15 முதல் நவம்பர் 4 வரையும், மூன்று கட்டங்களாக நடக்கிறது. முதற்கட்டத்தில் மின்சார, இயந்திர, ஹாட்வெயார் சாமான்கள். இரண்டாவதில் வீட்டுப் பொருட்கள், பரிசுப் பொருட்கள். மூன்றாவதில் துணி, உடுப்பு, விளையாட்டுப் பொருட்கள். ஏப்ரல் முதற்கட்டம் நமது நாட்டுப் புத்தாண்டு விடுமுறையோடு மோதுகிறது. கொழும்பே பாங்கொக்குக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பும் வாரம் அது. வீட்டுப் பாவனைப் பொருள் வியாபாரி ஏப்ரல் 23இல் தொடங்கும் இரண்டாம் கட்டத்துக்குப் போனால் அந்த நெருக்கடி தணிந்திருக்கும். மூன்றாம் கட்டம் சீனாவின் மே தின விடுமுறையில் விழுகிறது. உள்நாட்டு ரயிலும் விமானமும் நிரம்பி வழியும். கண்காட்சி தேவையில்லை, யீட லூவிலும் சொங்டா துணிச் சந்தையிலும் வாங்கினால் போதும் என்பவர் இந்த மாதங்களைத் தவிர்ப்பதே மேல். ஹோட்டல் வாடகையும் இறங்கும். ஒக்டோபர் முதல் வாரத்திலும் சீனப் புத்தாண்டைச் சுற்றிய வாரங்களிலும் டிக்கட் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். பூட்டிய கடைகளைத்தான் பார்த்துவிட்டு வரவேண்டி இருக்கும்.

யீவு சந்தைக்கும் போக நினைப்பவர் குவாங்சோவில் இறங்கி, அதிவேக ரயிலில் யீவு போய், ஷாங்காயிலிருந்து திரும்பும்படி டிக்கட் கேட்கலாம். பல சமயம் இதன் விலை சாதாரண இருவழி டிக்கட்டுக்கு அண்மையிலேயே இருக்கும். திரும்பவும் குவாங்சோ வரும் ரயில் காசு மிச்சம். ஆனால் இடையில் ஹொங்கொங் போய் வரலாம் என்று எண்ணாதீர்கள். அதற்குத் தனி விசா வேண்டும். ஒரு தடவை நுழையும் சீன விசாவில் ஹொங்கொங் போனால் சீனாவை விட்டு வெளியேறியதாகவே கணக்கு, திரும்ப நுழைய முடியாது.

டிக்கட் கைக்கு வந்ததும் பெயரைப் பாஸ்போட்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். நம்மவர் பெயரில் மொஹமட் என்பதை ஆங்கிலத்தில் எழுத எத்தனையோ விதம் உண்டு. ஒரு எம்மா இரண்டு எம்மா, கடைசி எழுத்துக்கு முன் ஈயா ஏயா என்ற வித்தியாசத்துக்கே கவுண்டரில் தகராறு வரும். பெயர்கள் இடைவெளி இல்லாமல் ஒட்டி அச்சாகி இருந்தால் பயப்பட வேண்டாம், கணினி முறை அப்படித்தான். எழுத்து பிழைத்திருந்தால் அன்றைக்கே முகவரிடம் சொல்லித் திருத்துங்கள். நாள் போகப் போகக் கட்டணம் கூடும். முஸ்லிம் உணவு வேண்டும் என்பதையும் அதே நேரத்தில் பதிந்துவிடச் சொல்லுங்கள், விமானத்தில் ஏறிய பிறகு கேட்டால் கிடைக்காது.