விழாக்காலச் சந்தையும் இணைய விழிப்பும்

நுழையும்முன்

சந்தை என்பது கண்ணால் கண்டு, கையால் தொட்டு, பேரம் பேசிப் பொருள் வாங்கும் இடமாக இருந்தது. இன்று அது உள்ளங்கையளவு திரைக்குள் வந்துவிட்டது. விற்பவர் யார், எங்கிருக்கிறார் என்பது தெரியாமலேயே பணம் கைமாறுகிறது. விழாக்காலத்தில் இந்த அறியாமையே வஞ்சகர்களின் முதலீடாகிறது. அவர்கள் விரிக்கும் வலைகளையும் அவற்றிலிருந்து காத்துக்கொள்ளும் வழிகளையும் இப்பாடம் விளக்குகிறது.

முத்தும் சோதனையும்

பாண்டியரின் கொற்கைத் துறைமுகம் முத்துக்குப் பெயர்பெற்றது. பின்னாளில் தூத்துக்குடிக் கடற்கரையில் முத்துக்குளிப்பு நடந்தபோது, வணிகர்கள் முத்துகளைத் துளையிட்ட தட்டுகளில் இட்டுச் சலித்து அளவுவாரியாகப் பிரித்தனர். நிறம், உருட்சி, ஒளி ஆகியவற்றைக் கூர்ந்து பார்த்தபின்பே விலை மதித்தனர். அதே மாவட்டத்தின் சாத்தான்குளத்தில் இன்று வீட்டுத் திண்ணையில் அமர்ந்தபடி, கண்ணால் காணாத பொருளுக்கு யுபிஐ வழியாக நொடிப்பொழுதில் பணம் செலுத்த முடிகிறது. 2016ஆம் ஆண்டு அறிமுகமான இம்முறை, பெட்டிக்கடைக்காரர் முதல் பெருவணிகர் வரை அனைவருக்கும் நன்மை செய்துள்ளது. வேகம் பெருகியபோது சோதித்துப் பார்க்கும் பழக்கம் குறைந்ததே சிக்கலுக்குக் காரணம்.

சாத்தான்குளம் வட்டாரத்தில் குலசேகரன்பட்டினம் தசரா தொடங்கி, தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் என விழாக்கள் அடுத்தடுத்து வருகின்றன. வெளியூர்களில் பணிபுரிவோர் ஊர் திரும்பும் காலமும் அதுவே. பயணச்சீட்டு, புத்தாடை, பட்டாசு, பரிசுப்பொருள் எனச் செலவு பெருகுகிறது. செலவு பெருகும்போது சலுகையை நாடும் மனமும் பெருகுகிறது.

பட்டாசு கற்பிக்கும் பாடம்

தீபாவளி நெருங்கும்போது, சிவகாசிப் பட்டாசு மிகக் குறைந்த விலையில் கிடைக்கும் என்னும் விளம்பரங்கள் சமூக ஊடகங்களில் உலவுகின்றன. இவற்றுள் பல போலியானவை எனத் தமிழ்நாடு காவல்துறையின் சைபர் குற்றப்பிரிவு மக்களை எச்சரித்துள்ளது.

இம்மோசடி படிப்படியாக நிகழ்கிறது. முதலில் கண்ணைக் கவரும் விலைப்பட்டியல் வாட்ஸ்அப்பில் வரும். புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயரை ஒத்த இணையத்தளம் ஒன்றும் காட்டப்படும். முன்பணம் செலுத்தியதும், கட்டுமானக் கூலி, வண்டி வாடகை என மேலும் பணம் கேட்கப்படும். முதலில் கொடுத்ததை இழக்க மனமின்றி வாங்குபவர் மீண்டும் செலுத்துவார். பிறகு அந்தத் தொலைபேசி எண் ஒலிக்காது.

இணைய வணிகத் தளங்கள் பட்டாசு விற்பதை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று அளித்த தீர்ப்பில் தடை செய்தது. இச்செய்தியை அறிந்தவர், விளம்பரத்தைக் கண்டதுமே ஐயம் கொள்வார். பொருளைப் பற்றிய சிறிதளவு அறிவும் பெரும் இழப்பைத் தடுக்கும் என்பதே இங்குப் பெறும் பாடம்.

ஆசை, அச்சம், அவசரம்

வலைகள் பலவாயினும் அவற்றின் இழைகள் மூன்றே. பரிசு, பாதி விலை என்பன ஆசையைத் தூண்டுவன. பொதியில் போதைப்பொருள் இருந்தது எனக் கூறி, காணொலி அழைப்பில் காவலர் உடையில் தோன்றி மிரட்டும் ‘டிஜிட்டல் கைது’ அச்சத்தை ஊட்டுவது. இந்தியச் சட்டத்தில் அப்படியொரு கைது முறையே இல்லை. இன்னும் பத்து நிமிடங்களில் சலுகை முடியும் என்பது அவசரப்படுத்துவது.

வாழ்த்து அட்டை, திருமண அழைப்பிதழ் என்னும் பெயரில் வரும் ஏபிகே கோப்பு மற்றொரு வலை. அது படமன்று, செயலி. அதை நிறுவி, கேட்கும் அனுமதிகளை வழங்கினால், திறன்பேசிக்கு வரும் குறுஞ்செய்திகளை அது படிக்கத் தொடங்கும். வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் அதன்வழி வஞ்சகரைச் சென்றடையும். யுபிஐ கடவு எண் பணம் அனுப்புவதற்குத் தேவை. பணம் பெறுவதற்குத் தேவையில்லை. ஆகவே, ‘பணம் பெறக் கடவு எண்ணை இடுங்கள்’ என்று எவர் கூறினும் அது மோசடியே.

மாணவரைத் தேடிவரும் வலை

விடுமுறையில் பகுதிநேர வருவாயைத் தேடும் மாணவரை அணுகி, அவரது வங்கிக் கணக்கைச் சில நாள்களுக்கு இரவல் கேட்போர் உண்டு. கணக்கில் வரும் தொகையை வேறிடத்திற்கு மாற்றினால் தரகு கிடைக்கும் என்பர். அத்தொகை வேறொரு குடும்பத்திடமிருந்து பறிக்கப்பட்டதாக இருக்கலாம். விசாரணை முதலில் வந்து நிற்பது கணக்குக்கு உரியவரின் வாசலில்தான்.

வெளிநாட்டு வேலை என்னும் வலை இன்னும் கொடியது. தாய்லாந்தில் தகவல் தொழில்நுட்ப வேலை என நம்பிச் சென்ற தமிழ் இளைஞர்கள் மியான்மருக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யுமாறு துன்புறுத்தப்பட்டனர். அவர்களுள் 13 பேர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்தடைந்தனர். தொலைபேசியின் மறுமுனையில் பேசுபவரும் வலையில் சிக்கியவராக இருக்கக்கூடும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

முதல் ஒரு மணி நேரம்

பணத்தை இழந்தவர் உடனே 1930 என்னும் உதவி எண்ணை அழைக்க வேண்டும். பறிக்கப்பட்ட பணம் பல கணக்குகள் வழியாக விரைந்து மாற்றப்படுகிறது. அது எடுக்கப்படும் முன்னர்த் தகவல் கிடைத்தால், வங்கிகள் அதனை முடக்கி வைக்க இயலும். தொகை, நேரம், பரிவர்த்தனை எண், திரைப்பதிவு ஆகியவற்றைப் பாதுகாத்து வைப்பது விசாரணைக்கு உதவும். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும், மாவட்ட சைபர் குற்றப்பிரிவுக் காவல்நிலையத்திலும் புகார் அளிக்கலாம்.

ஆயினும் பலர் உடனே புகார் அளிப்பதில்லை. ஊரார் நகைப்பர் என்று பெரியவர்களும், வீட்டில் திட்டுவர் என்று பிள்ளைகளும் மறைக்கின்றனர். மறைக்கும் ஒவ்வொரு நிமிடமும் வஞ்சகருக்கே உதவுகிறது. ஏமாற்றியவர் அடைய வேண்டிய வெட்கத்தை ஏமாந்தவர் சுமப்பது முறையன்று. ‘நடந்ததைச் சொல், சேர்ந்து தீர்ப்போம்’ என்னும் ஒரு சொல் வீட்டில் ஒலிக்குமாயின், அதுவே முதற்காவல். திறன்பேசியை நன்கு அறிந்த பேரப்பிள்ளை, தாத்தா பாட்டிக்குப் பொறுமையோடு கற்பித்தால், பண்டிகை நாளின் மகிழ்ச்சி அவ்வீட்டில் நிலைக்கும்.

தெரிந்து தெளிவோம்

கணினி வழியாகப் பிறர்போல் நடித்து ஏமாற்றுவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 66டி பிரிவின்படி மூன்றாண்டுகள் வரை சிறையும் ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கப்படலாம்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டிற்கு வந்த ஐயத்திற்குரிய குறுஞ்செய்தி ஒன்றில் ஆசை, அச்சம், அவசரம் ஆகியவற்றுள் எது பயன்படுத்தப்பட்டுள்ளது என வகுப்பறையில் கலந்துரையாடுக.

2. உங்கள் தெருவில் உள்ள முதியோருக்குப் பயன்படும் வகையில், இணையப் பாதுகாப்புக் குறித்து ஐந்து தொடர்களில் துண்டறிக்கை ஒன்று உருவாக்குக.