வெயில் இலவசம், வட்டி இலவசமல்ல



வெயிலிலும் காற்றிலும் மின்சாரம் எடுப்பது பற்றித்தான் இன்று ஊரெல்லாம் பேச்சு. நம் திருப்பத்தூர் மாவட்டத்தில் தண்ணீருக்குப் பஞ்சம் உண்டு, வெயிலுக்குப் பஞ்சமில்லை. சோலார் மோட்டார் போடுங்கள் என்று ஒருவர் வருகிறார். தரிசு நிலத்தைக் குத்தகைக்குக் கொடுங்கள் என்று இன்னொருவர் வருகிறார். இதில் பணம் போடலாமா, கூடாதா? அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

டீசல் இன்ஜின் வாங்கும்போது விலை குறைவு. ஆனால் ஓடுகிற ஒவ்வொரு மணிக்கும் காசு கேட்கும். சோலார் அப்படியில்லை. இருபது, இருபத்தைந்து வருஷத்துச் செலவில் பெரும்பகுதியை முதல் நாளே எடுத்து வைத்துவிட வேண்டும். அப்புறம் அது தீனி கேட்காது. ஆகவே டீசலில் லாப நஷ்டத்தைத் தீர்மானிப்பது எண்ணெய் விலை. சோலாரில் தீர்மானிப்பது, முதல் போட வாங்கிய கடனுக்கு நீங்கள் கட்டும் வட்டி.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சோலார் பம்பு 3 லட்சம் ரூபாய். மானியம் நூற்றுக்கு 60 போக, உங்கள் பங்கு 1,20,000. இதுவரை 5 குதிரைசக்தி டீசல் இன்ஜினை வருஷத்தில் 100 நாள், நாளுக்கு 4 மணி நேரம் ஓட்டினீர்கள். மணிக்கு ஏறத்தாழ 1 லிட்டர், லிட்டர் 90 ரூபாய் என்றால், வருஷத்துக்கு மிச்சமாவது 36,000 ரூபாய். பாங்கில் 9 சதவிகித வட்டிக்குக் கடன் வாங்கினால் முதல் வருஷ வட்டி 10,800. மிச்சப்படுவதையெல்லாம் கடனுக்கே கட்டினால், நாலு வருஷத்துக்குச் சற்று மேலே கடன் தீர்ந்துவிடும். அதே பணத்தை வெளியில் மாதம் மூன்று வட்டிக்கு வாங்கினால்? வருஷ வட்டியே 43,200! மிச்சமான 36,000-ஐ அப்படியே கொடுத்தாலும் வட்டிகூட அடையாது. அதே வெயில், அதே தகடு. ஒருவருக்கு லாபம், இன்னொருவருக்கு நிலமே போகும்.

உலகக் கணக்கும் இதுதானுங்க. 2024-ல் எரிசக்தித் துறையில் உலகம் போட்ட முதலீடு 3 லட்சம் கோடி டாலருக்கு மேல் என்றும், அதில் சுமார் 2 லட்சம் கோடி டாலர் சூரிய சக்தி, காற்றாலை, மின்பாதை முதலிய தூய வகைகளுக்குப் போனது என்றும் சர்வதேச எரிசக்தி முகமை மதிப்பிட்டது. ஆப்பிரிக்காவில் உலக மக்களில் ஐந்தில் ஒரு பங்கு வாழ்கிறார்கள், வெயிலும் ஏராளம். ஆனால் அந்தத் தூய முதலீட்டில் அவர்களுக்குப் போனது நூற்றுக்கு இரண்டு பங்குதான். பணக்கார நாடுகளைப் போல இரண்டு, மூன்று மடங்கு வட்டி கொடுத்தால்தான் அங்கே முதல் கிடைக்கும் என்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

அப்படியானால் சிறிய மனிதர்களால் ஆகாத காரியமா? ஆகும். மேட்டுப்பாளையம் பக்கத்திலுள்ள ஓடந்துறை ஊராட்சியைப் பாருங்கள். தெருவிளக்குக்கும் குடிதண்ணீர் மோட்டாருக்கும் கரண்டு பில் கட்டி மாளவில்லை. ஆர். சண்முகம் ஊராட்சித் தலைவராக இருந்தபோது, 2006-ல், 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை 1 கோடியே 55 லட்சம் ரூபாய்க்கு வாங்கினார்கள். அதில் 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு; மீதி பாங்குக் கடன். காற்றாலையை ஊருக்குள் நிறுத்தவில்லை. காற்று நன்றாக அடிக்கும் உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில் நிறுத்தினார்கள். ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் கிடைத்தது. ஊரின் தேவை 4.5 லட்சம் யூனிட். மீதியை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தார்கள். சேமிப்பு, நியாயமான வட்டி, சரியான இடம் ஆகிய மூன்றும் கூடியதால்தான் அது பலித்தது.

டென்மார்க்கிலும் இப்படி உண்டு. கோபன்ஹேகன் கடலோரத்தில் 2000-ல் நிறுவிய 20 காற்றாலைகளில் பாதி, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் பங்கு போட்ட கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தமானவை.

சரி, நம் வயலுக்கு வருவோம். ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஷெட்டுக்காரர்கள் கரண்டுக்குக் காசு கட்டுகிறவர்கள். கூரையில் விளைகிற ஒவ்வொரு யூனிட்டும் அவர்களுக்கு மிச்சம். நமக்கோ 1990 முதல் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். ஆகவே இலவச இணைப்பு உள்ளவர் சோலாருக்குக் கடன்பட்டால், பகலில் தடையில்லாமல் கரண்டு கிடைக்குமே தவிர, பணமாக லாபம் இல்லை. யாருக்கு லாபம்? டீசல் ஊற்றுகிறவர்களுக்கும், மின்கம்பம் எட்டாத ஜவ்வாது மலைக் காட்டுக்காரர்களுக்கும்தான்.

2019-ல் மத்திய அரசு தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தில் சோலார் பம்புக்கு மத்திய அரசு 30 சதவிகிதம், மாநில அரசு குறைந்தது 30 சதவிகிதம் மானியம் என்று வகுத்தார்கள். விகிதமும் நிபந்தனையும் மாறக்கூடியவை; இப்போது நடப்பில் உள்ளதை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அதே திட்டத்தில், துணை மின்நிலையத்துக்கு 5 கிலோமீட்டருக்குள் உள்ள தரிசில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை நிலையம் அமைத்து மின்சாரம் விற்கவும் விவசாயிகளுக்கும், கூட்டுறவுச் சங்கங்களுக்கும், ஊராட்சிகளுக்கும் வழி வைத்தார்கள். ஆனால் ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கரும் கோடிக்கணக்கில் முதலும் வேண்டும். தனி ஆளால் தாங்காது. விற்ற கரண்டுக்குப் பணம் தாமதமானாலும் பாங்குத் தவணை காத்திருக்காது.

கையெழுத்துப் போடும் முன் இவற்றைக் கவனியுங்கள்:

1. முதலில் கிணற்றைப் பாருங்கள். தண்ணீர் இல்லாத போருக்கு எந்த மோட்டாரும் பயன்படாது. ஆயிரம் அடி போரில் சிறிய சோலார் பம்பு இழுக்காது. ஆழத்தைச் சொல்லித்தான் பம்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

2. வெயில் சும்மா வருகிறதே என்று நாள் முழுக்க இறைத்தால் நிலத்தடி நீர் தீரும். சொட்டு நீரும் சேர்த்துப் போடுங்கள்.

3. தென்னை நிழல் விழும் இடத்தில் தகடு வைக்காதீர்கள். தூசி படிந்தால் மின்சாரம் குறையும், துடைக்க வேண்டும். தகடு 25 வருஷம் உழைத்தாலும் கட்டுப்பாட்டுப் பெட்டி முன்னாலேயே பழுதாகலாம். பராமரிப்பு எத்தனை வருஷம் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

4. குசும் பெயரில் போலி இணையதளம் நடத்திப் பதிவுக் கட்டணம் பிடுங்குகிறவர்கள் உண்டு என்று மத்திய அமைச்சகமே எச்சரித்திருக்கிறது. அரசு அலுவலகத்தில் விசாரிக்காமல் யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள்.

5. நிலக் குத்தகை என்றால் பெரும்பாலும் 25 வருஷத்துக்குக் குறையாது. உங்கள் பிள்ளையின் காலமும் அதில் அடங்கிவிடும். வாடகை எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை ஏறும், முடிவில் தகடுகளை யார் அகற்றுவது, நிலத்தின் பேரில் கம்பெனி கடன் வாங்கலாமா என்று பத்திரத்தில் படித்துப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

சூரியன் யாரிடமும் காசு கேட்பதில்லை. கேட்பது கடன் கொடுத்தவர்தான். வருஷத்துக்கு எவ்வளவு மிச்சம், எவ்வளவு வட்டி என்று ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள். மிச்சம் பெரிதாக இருந்தால் துணிந்து போடுங்கள். வட்டி பெரிதாக இருந்தால், மானியமும் பாங்குக் கடனும் கைக்கு வரும்வரை பொறுத்திருங்கள். அடுத்த வருஷமும் இதே வெயில்தான் அடிக்கப்போகிறது.