மாணவர்கள் நடத்தும் ஓட்டல்!

அமெரிக்காவில் இத்தாகா என்ற ஊரில் கார்னெல் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஓட்டல் தொழிலுக்கென்றே அங்கு 1922-ல் ஒரு படிப்பைத் தொடங்கினார்கள்.

"ஓட்டல் நடத்தப் பட்டம் எதற்கு?" என்று நினைத்தவர்களில் ஸ்டாட்லரும் ஒருவர். 13 வயதில் ஓட்டலில் பெட்டி தூக்கும் பையனாகச் சேர்ந்து, பெரிய ஓட்டல் அதிபர் ஆனவர் அவர். மாணவர்களே நடத்திய விருந்துக்கு ஒருமுறை போனார். மனம் மாறினார்! 1928-ல் அவர் இறந்தார். அவர் விட்டுச் சென்ற பணத்தைக் கொண்டு, 1950-ல் பல்கலைக்கழகத்திலேயே ஓட்டல் திறக்கப்பட்டது.

அங்கே தங்குகிறவர்கள் காசு கொடுத்துத் தங்குகிறவர்கள். குழம்பில் உப்பு கூடினால் மார்க் மட்டுமா குறையும்? சாப்பிட வந்தவர் முகம் சுளிப்பார்!

நண்பனுக்கு உத்தரவு

மாணவர்கள் முதலில் சாதாரண வேலைகளைச் செய்வார்கள். திறமை காட்டினால் மேற்பார்வையாளர் ஆகலாம். மானேஜரும் ஆகலாம். கஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது. காலையில் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழியிடம், மாலையில், "இந்த மேஜையை மறுபடி துடை" என்று சொல்ல வேண்டும். நட்பும் கெடக்கூடாது, மேஜையிலும் அழுக்கு இருக்கக்கூடாது. இதை எந்தப் புத்தகத்தில் படிப்பது?

அனுபவம் உள்ள ஊழியர்கள் கூட இருந்து வழி சொல்கிறார்கள். அவர்கள் பாடும் கஷ்டம்தான்! தவறு நடந்ததும் ஓடிவந்து தாங்களே சரி செய்தால், மாணவன் கற்க மாட்டான். சும்மா நின்றால், விருந்தாளி கோபித்துக் கொள்வார்.

வசந்த காலத்தில் சில நாட்கள் விழா நடக்கும். 'ஓட்டல் எஸ்ரா கார்னெல்' என்று அதற்குப் பெயர். விருந்து, உபசாரம் எல்லாம் மாணவர் பொறுப்பு. வருகிற விருந்தாளிகள் யார் தெரியுமா? ஓட்டல் தொழிலில் பழுத்த பெரிய புள்ளிகள்!