தோளில் தடவும் மருந்து

காலை ஏழு மணி. வீட்டு எஜமானர் குளித்துவிட்டு வருகிறார். பீரோவைத் திறந்து, வேஷ்டிகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த சிறு டியூப் ஒன்றை எடுக்கிறார். உள்ளங்கையில் கொஞ்சம் பிதுக்கி, தோளிலும் மேல் கையிலும் தடவிக் கொள்கிறார். லேசாக ஸ்பிரிட் வாசனை வருகிறது.

"என்னங்க அது, சென்ட்டா?"

"சென்ட்டுமில்லை, கிண்டுமில்லை. மருந்து."

"எதுக்கு மருந்து? தோள் வலியா?"

"தோள் வலி என்றே வைத்துக் கொள்ளேன்!"

பேச்சு அதோடு முடிந்து விடுகிறது. சட்டையைக்கூடப் போட்டுக் கொள்ளாமல், காலைக் கட்டிக்கொண்ட இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கித் தோளில் சாய்த்துக் கொள்கிறார்.

காட்சி என் கற்பனைதான். ஆனால் அந்த டியூபும், அதைக் குறித்து வீட்டில் நிலவும் மௌனமும் கற்பனையல்ல. புருஷன் சாப்பிடும் ரத்த அழுத்த மாத்திரை அவர் வயிற்றோடு போகிறது. இந்த மருந்து அப்படியல்ல. அவர் தோலிலிருந்து உங்கள் தோலுக்கும், குழந்தையின் கன்னத்துக்கும் வந்து சேரக் கூடியது. ஆகவே, மனைவிக்குத் தெரியாமல் கணவர் உபயோகிக்கக் கூடாத மருந்து இது.

மருந்தின் பெயர் டெஸ்டோஸ்டிரோன். ஆணை ஆணாக வைத்திருக்கும் ஹார்மோன். 1849-ல் ஜெர்மனியில் கெட்டிங்கன் நகரத்துப் பேராசிரியர் பெர்த்தோல்டு என்பவர், விதை நீக்கிய சேவல்களுக்குக் கொண்டை சுருங்கிப் போவதையும், விதையைத் திரும்ப உடலுக்குள் வைத்தால் அதே சேவல் பழையபடி கொண்டை சிவந்து கூவுவதையும் கண்டார். அந்த மாயப் பொருளைப் பிரித்தெடுக்க 1935 வரை ஆயிற்று. அதே ஆண்டில் அதைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டிய பியூட்டனாண்டும் ருஸிக்காவும் 1939-ல் ரசாயன நோபல் பரிசைப் பங்கிட்டுக் கொண்டார்கள். தோளில் தடவும் ஜெல்லாக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2000-ஆம் ஆண்டில்.

சில ஆண்களுக்கு விதையிலோ, மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலோ கோளாறு ஏற்பட்டு இந்த ஹார்மோன் குறைந்து விடுகிறது. சோர்வு, மன வாட்டம், தாம்பத்தியத்தில் நாட்டமின்மை, எலும்பு பலவீனம் எல்லாம் வரலாம். அவர்களுக்கு இது நல்ல மருந்து. ஆனால் சோர்ந்தவர்களெல்லாம் தடவிக் கொள்ளும் டானிக் அல்ல! ஆபீஸ் அலுப்பும், தூக்கக் குறைவும், தொந்தியும்கூட அதே சோர்வைத் தரும். இரண்டு வெவ்வேறு நாட்களில், காலை வேளையில் ரத்தம் எடுத்துப் பார்த்து, இரண்டிலும் அளவு குறைவாக இருந்தால்தான் டாக்டர்கள் இதை யோசிப்பார்கள். நண்பர் சொன்னார், மருந்துக் கடைக்காரர் கொடுத்தார் என்று ஆரம்பிப்பது தவறு.

இனி, நமக்கு அக்கறையுள்ள விஷயம். ஒரு சதவிகித ஜெல்லில் 5 கிராம் தடவினால் அதில் 50 மில்லிகிராம் ஹார்மோன் இருக்கிறது. அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் உடம்புக்குள் போகிறது. மீதி? தோலின் மேலேயே தங்கியிருக்கிறது, யாராவது வந்து ஒட்டிக் கொள்ளட்டும் என்று!

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவுக்கு 2008 டிசம்பர் முதல் தேதி வரையில் எட்டுக் குழந்தைகளைப் பற்றிய தகவல் வந்திருந்தது. ஒன்பது மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகள். அந்த வயதிலேயே மறைவிடத்தில் ரோமம், பிறப்புறுப்பு பெரிதாதல், வயதை மீறிய எலும்பு வளர்ச்சி, முரட்டுத்தனம். பெற்றோர்கள் எப்படிப் பதறியிருப்பார்கள்! காரணம் இன்னதென்று புரியாமல் குழந்தைகளுக்கு என்னென்னவோ பரிசோதனைகள் நடந்தன. ஒரு குழந்தைக்கு ஆபரேஷனே செய்து விட்டார்கள். 'வீட்டில் யாராவது ஜெல் தடவுகிறார்களா?' என்ற ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. தொடர்பு நின்றதும் பெரும்பாலோருக்கு அடையாளங்கள் குறைந்தன. சிலருக்கு முழுவதும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 2009 மே மாதத்தில், மருந்தோடு வரும் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை அச்சிட வேண்டுமென்று அந்த இலாகா உத்தரவிட்டது.

பெண்களுக்கும் தொல்லை உண்டு. முகப்பரு, வேண்டாத இடத்தில் ரோமம், குரல் தடிப்பு, மாதவிலக்கில் மாறுதல். கர்ப்பிணி விஷயத்திலோ விளையாட்டே கூடாது. வயிற்றிலிருப்பது பெண் சிசுவானால், அதன் உறுப்பு வளர்ச்சியே பாதிக்கப்படலாம். கர்ப்பிணியின் கை ஜெல் மேலும் படக்கூடாது, தடவிய தோள் மேலும் படக்கூடாது. "முதுகுப் பக்கம் கொஞ்சம் தடவி விடேன்" என்று கேட்டால், கர்ப்பமோ இல்லையோ, மறுத்து விடுங்கள். அவரே தடவிக் கொள்ள வேண்டிய மருந்து அது.

முறை ஒன்றும் கஷ்டமில்லை. டாக்டர் சொன்ன இடத்தில், காயமில்லாத, சுத்தமான, உலர்ந்த தோலில் தடவ வேண்டும், மறைவிடத்தில் அல்ல. உடனே இரு கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஜெல் நன்றாக உலர்ந்த பிறகு அந்த இடம் மூடும்படி சட்டை அணிய வேண்டும். வெற்று மார்போடு திண்ணையில் காற்று வாங்கும் பழக்கமுள்ளவர்கள் அதை மறந்துவிட வேண்டியதுதான். ஜெல்லில் ஆல்கஹால் இருப்பதால், உலரும்வரை சிகரெட், கற்பூரம், அடுப்பு எதன் அருகிலும் போகக் கூடாது. தடவியதும் குளித்தாலும் மருந்து வீண். ஒரு சதவிகித ஜெல்லானால் ஐந்து மணி நேரம், 1.62 சதவிகிதமானால் இரண்டு மணி நேரம் பொறுக்க வேண்டும். மனைவியோடு நெருங்குமுன், குழந்தையைத் தோளில் போட்டுத் தூங்க வைக்குமுன், தடவிய இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். தெரியாமல் பட்டுவிட்டால் பட்டவரும் உடனே கழுவிக் கொள்ள வேண்டும். கழற்றிய பனியனைக் குழந்தைக்குப் போர்த்தாமல் நேரே துவைக்கப் போடுங்கள். டியூபைக் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள், காலி டியூபையுந்தான்.

இளம் தம்பதிகளிடம் பலர் சொல்லத் தவறும் செய்தி ஒன்று உண்டு. வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் உடம்பு தன் வேலையை நிறுத்திக் கொள்கிறது. விந்தணு உற்பத்தி குறைந்து, நின்றே போகலாம். 'ஆண்மைக்கு மருந்து' என்று தடவிக்கொண்டு, குழந்தை உண்டாகவில்லையே என்று மனைவியை டாக்டரிடம் அனுப்புகிறவரை என்னவென்று சொல்வது? குழந்தை வேண்டுமென்று நினைப்பவர்கள் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட்டால், வேறு வழி சொல்வார்.

ஆரம்பித்த பிறகும் ரத்தப் பரிசோதனை தொடர வேண்டும். சிவப்பணுக்கள் அதிகமாகி ரத்தம் கெட்டிப்படுவதுண்டு. அவற்றின் விகிதம் 54 சதவிகிதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்துவார்கள். பிராஸ்டேட் சுரப்பியையும் ரத்த அழுத்தத்தையும் கவனிப்பார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடத்தி 2023-ல் வெளியான ஆராய்ச்சியில் மாரடைப்பும் பக்கவாதமும் இந்த ஜெல்லால் கூடவில்லை என்று தெரிந்தது. ஆனால் சீரற்ற இதயத் துடிப்பும், நுரையீரலில் ரத்தக்கட்டும் சற்று அதிகமாகவே காணப்பட்டன. பிராஸ்டேட் புற்றுநோயோ ஆண் மார்பகப் புற்றுநோயோ உள்ளவர்களுக்கு இது உதவாது.

நம் வீட்டு எஜமானருக்கு வருவோம். வேஷ்டிகளுக்கு அடியிலிருக்கும் டியூப் உங்கள் கண்ணில் பட்டால் சண்டை வேண்டாம், பரிகாசமும் வேண்டாம். நீரிழிவுக்கு மருந்து போல இதுவும் ஒரு குறைக்கு மருந்து. "எந்தத் தோளில் தடவுகிறீர்கள், எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டு வைத்துக் கொள்ளுங்கள். அடுத்த தடவை குழந்தையை டாக்டரிடம் காட்டும்போது, வீட்டில் இந்த ஜெல் இருக்கிறதென்று அவரிடமும் சொல்லுங்கள்.